குளியல்தொட்டியில் எழுதி முடித்த கொலை

ஹெட்லி டார்டாஃப், பிளாக்பூல் கடற்கரையில் விடுதி நடத்தும் கிளெக் அம்மாளுக்கு ஒன்பது பவுன் கடன்பட்டிருந்தார். ஏழு வார வாடகை அது. துல்லியமாகக் கூட்டினால் சில பென்னிகள் குறையும். கிளெக் அம்மாள் எப்போதும் முழுசாக்கித்தான் சொல்வார்.

கடன்காரர் என்றதும் ஏதோ ஒன்றுக்கும் உதவாத ஆள் என்று எண்ணிவிடக் கூடாது. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, நூற்பாலையில் அறுந்த இழைகளை முடிச்சுப் போடப் போனவர் ஹெட்லி. சாப்பாட்டு நேரத்தில் சக தொழிலாளிகளுக்குப் பேய்க்கதை சொல்லி, அதில் இரண்டு பேர் மறுநாள் வேலைக்கே வராமல் போக, மேஸ்திரி அவரை விரட்டிவிட்டார். அன்றைக்கே தன் தொழில் எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. யார் சிபாரிசும் இல்லை, யாரும் பேனா பிடிக்கச் சொல்லித் தரவில்லை. ஐம்பத்திரண்டு வயதுக்குள் நாற்பத்தொரு புத்தகம். பாதி பேய், பாதி கொலை. படித்துப் பட்டம் வாங்கிய எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

பிரபுக்களைப் பற்றித்தான் அவர் அதிகம் எழுதினார். ஒரு பிரபுவையும் நேரில் பார்த்ததில்லை. அவருடைய ஒரு கதையில் டியூக் ஒருவர் லண்டனின் மிகப் பெரிய ஓட்டலில் வந்து இறங்குவார். கோட்டுப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஆட்டு விலாத்துண்டை எடுத்து, "நல்லா முறுக வறுத்துக் குடும்மா" என்று சமையற்காரியிடம் நீட்டுவார். லண்டன் பத்திரிகை ஒன்று இதைப் படித்துவிட்டுக் கேலி செய்து ஒரு பத்தியே எழுதியது. என்ன கேலி என்று ஹெட்லிக்குக் கடைசிவரை விளங்கவில்லை. வெளியூரில் தங்கப் போகிறவன் தன் சாப்பாட்டுச் சாமானைத் தானே வாங்கிக் கொடுப்பான், வீட்டுக்காரி சமைத்துப் போடுவாள். பிளாக்பூலில் அப்படித்தான். டியூக் என்றால் மட்டும் பட்டினி கிடப்பாரா?

அந்த வருஷம் அவர் வழக்கமாக எழுதிவந்த பத்திரிகை இழுத்து மூடப்பட்டது. கடன் ஏறியது அதனால்தான். வாரக் கணக்குச் சீட்டில் கிளெக் அம்மாள் எழுதிய ஒரு வரி அவர் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது: "உப்புத் தாங்கி, ஆறு பென்னி." சாப்பாட்டு மேசை நடுவே உப்பு, மிளகு, வினிகர் மூன்றையும் ஏந்தி நிற்கும் பளபளப்பான தாங்கி அது. வேண்டாம் என்று முதல் நாளே சொல்லாவிட்டால் தொட்டாலும் காசு, தொடாவிட்டாலும் காசு.

அன்று மாலையே ஹெட்லி ஒரு தொடர்கதையைத் தொடங்கினார். கடற்கரை ஊர். விடுதி நடத்தும் கல்நெஞ்சுக்காரி. வினிகர்ப் புட்டியில் விஷம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு விருந்தாளி மேசையிலேயே சாய்வான். மான்செஸ்டர் வாரப் பத்திரிகை ஒன்று அதை உடனே எடுத்துக்கொண்டது. கதை முடிந்ததும் பத்து பவுன் தருவதாகச் சொன்னது. சொந்தப் பெயரைப் போட்டால் தலை தப்பாது என்று 'கர்னல் மார்ட்டிமர் பிளேன்' என்று போட்டார்.

கதை தீயாகப் பரவியது. தன் பெருமையைத் தானே நாலு பேரிடம் சொல்லாமல் ஒரு வேளைகூடச் சாப்பிட்டறியாத மனிதர், வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டி வந்தது. பத்து பவுண்டு எடை குறைந்துவிட்டார்.

ஆகஸ்டில் ராச்டேல் ஆலைகளுக்கு விடுமுறை வாரம் வந்தது. ஊரே திரண்டு ரயிலேறி வரும். கிளெக் அம்மாள் மாடி ஏறி வந்தார்.

"ஏங்க டார்டாஃப், இந்த அறையில ஆறு பேரைத் தலைமாடு கால்மாடாப் படுக்க வைப்பேன் நான். காசு இருக்கா, இல்லையா?"

"ஒரு கதை முடியப் போவுதும்மா. முடிஞ்சா பத்து பவுன்."

"போன மாசமும் இதான் சொன்னீங்க."

"அது வேற கதைம்மா."

"நீங்க சொல்றது எல்லாமே கதைதான்! குளிக்கிற தொட்டி சும்மாதான் கிடக்கு. இம்மாம் பெரிய கடலை வச்சிக்கிட்டு எவன் தொட்டியில குளிக்கப் போறான்? அதுல படுத்துக்குங்க. அடுத்த சனிக்கிழமை பணம் வரலன்னா உங்க பெட்டி தெருவுல நிக்கும்."

தொட்டியில் தலையணையைப் போட்டு, குறுக்கே ஒரு பலகையை வைத்து எழுதினார் ஹெட்லி. கடைசி அத்தியாயம் ஒன்றுதான் பாக்கி. அந்த அத்தியாயம் வந்தால்தான் பணம். பணம் வந்தால்தான் கூரை.

ராச்டேல்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஒவ்வொரு குடும்பமும் தான் வாங்கிவந்த மாமிசத்தோடு ஒரு காகிதப் பொட்டலத்தையும் மேசையில் வைத்தது. சொந்த உப்பு.

"தாங்கி வேணாம்மா," என்றான் ஜாப் ஹோராக்ஸ் என்ற நூற்பாலைத் தொழிலாளி. "எங்க ஊர்ல எல்லாருமே கதை படிக்கிறோம். உசுரு மேல ஆசை இருக்கு."

"அட பாவி! ஒன்பது வருஷமா என் கையால தின்னுருக்க. செத்தா போயிட்ட?"

"இதுவரைக்கும் போகலம்மா. அதான் இப்படியே இருந்துடலாம்னு பாக்கிறேன்."

மேசை முழுவதும் சிரிப்பு. பிளாக்பூல் முழுக்க இதே கதை. ஒரு வீட்டிலும் தாங்கிக் காசு தேறவில்லை. அந்தக் கர்னல் கையில் கிடைத்தால் அவனை ஆட்டு ஈரலோடு சேர்த்து வதக்குவதாக விடுதிக்காரிகள் கூடிச் சபதம் செய்தார்கள். கிளெக் அம்மாள்தான் தலைமை.

ஹெட்லி இதையும் பொறுத்துக்கொண்டார். ஆனால் செவ்வாய்க்கிழமை, வினிகர் இல்லாத உருளை வறுவலைச் சோகமாக மென்றபடி ஜாப் சொன்னான்:

"யாரோ பெரிய படிப்புப் படிச்ச லண்டன்காரன்தான் எழுதுறான். நம்ம ஊரு ஆளுக்கு இவ்ளோ மூளை ஏது?"

ஹெட்லியின் முள்கரண்டி அந்தரத்தில் நின்றது.

"ஏன், நம்ம ஊரு ஆளுக்கு மூளை இல்லியா?"

"இருக்கும். அது ஆலையில நூல் முடியத்தான் ஆகும்."

"யோவ்! நூல் முடிஞ்ச இந்தக் கைதான்யா அதை எழுதுது! நான்தான்யா கர்னல்!"

சமையலறை வாசலில் கரண்டியோடு கிளெக் அம்மாள் நின்றிருந்தார்.

"டார்டாஃப். உள்ள வாங்க."

சமையலறைக் கதவு சாத்தப்பட்டது.

"கொலை பண்ணது யாரு?"

"அது இன்னும்... எனக்கே தெரியாதும்மா. எழுதும்போது வரும்."

"விடுதிக்காரியா?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க."

"இந்தாங்க, நல்லாக் கேட்டுக்குங்க. விடுதிக்காரின்னு எழுதினா தொட்டியும் கிடையாது, தண்ணியைத் திறந்து விட்டுருவேன். நீங்க உள்ள இருக்கும்போதே."

"கொலைகாரன் யாருன்னு எனக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேணாம்! நாப்பத்தொரு புத்தகம்மா!"

"நாப்பத்தொண்ணு எழுதியும் தொட்டியிலதானே படுத்திருக்கீங்க?" கரண்டியைக் கீழே வைத்தார். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க கதையில வினிகரைத் தொட்டவன் எல்லாம் செத்தான். தொடாம தப்பிச்சது யாரு?"

"மூணாம் மாடிப் பாதிரியார். சொந்தமா உப்புப் பொட்டலம் கொண்டாந்திருப்பாரு."

"தாங்கியில விஷம் இருக்குன்னு அவருக்கு மட்டும் எப்படிங்க தெரிஞ்சுது?"

ஹெட்லி நேராகக் குளியலறைக்கு ஓடினார்.

கொலைகாரன் பாதிரியார் என்ற முடிவு முழுக்க முழுக்க ஹெட்லியின் மூளையில் உதித்ததுதான். கிளெக் அம்மாள் அந்தச் சமயத்தில் பக்கத்தில் நின்றிருந்தார், அவ்வளவே. ஆறு வாரமாக வாசகர் கண்ணெதிரே உப்புப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தவனை ஒருவரும் சந்தேகிக்கவில்லை என்றால், அது எப்பேர்ப்பட்ட திட்டம்! அப்படி ஒரு திட்டம் தனக்கு இருந்தது ஹெட்லிக்கே அன்றுதான் தெரியவந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி அத்தியாயம் வெளிவந்தது. சனிக்கிழமை ராச்டேல்காரர்கள் ஊருக்குக் கிளம்ப, அடுத்த விடுமுறை வாரத்துக்கு ஓல்டாம் ஆலைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஒரு பையிலும் பொட்டலம் இல்லை. ஒரு பெரியவர் பழக்கதோஷத்தில் கொஞ்சம் உப்பு கொண்டுவந்திருந்தார். மனைவி அவரை ரயிலடியிலேயே பிடித்து, கடற்கரைக்கு இழுத்துப்போய் அதைக் கடலில் கொட்ட வைத்தாள். சாப்பாட்டு வேளையில் எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டே, தாங்கள் நிரபராதிகள் என்று காட்ட, வறுவல் மிதக்கும் அளவுக்கு வினிகர் ஊற்றினார்கள். கிளெக் அம்மாள் இரண்டு தடவை புட்டியை நிரப்பினார். தாங்கிக்கு ஒன்பது பென்னி ஆக்கிவிட்டார். ஒருவரும் முனகவில்லை.

காலையில்தான் மான்செஸ்டரிலிருந்து அஞ்சல் பணம் வந்திருந்தது. அஞ்சலகப் பெண் நோட்டுகளை எடுத்தபோது ஹெட்லி தடுத்தார். "அரைக் கிரவுன் நாணயமாக் குடும்மா. எண்ண ரொம்ப நேரம் ஆவணும்."

மேசை நிறைந்திருந்த நேரம் பார்த்து எழுந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"கர்னல் மார்ட்டிமர் பிளேன்ங்கிறது நான்தான். இப்ப என் வாடகையைக் கட்டப் போறேன்."

"சீக்கிரம் கட்டுங்க, அடுப்புல பணியாரம் தீயுது," என்றார் கிளெக் அம்மாள். ஆனாலும் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

ஹெட்லி முதல் நாணயத்தை உயரத் தூக்கி அனைவருக்கும் காட்டிவிட்டு அந்த உள்ளங்கையில் வைத்தார். "ஒண்ணு!" என்றார். எட்டு சேர்ந்தால் ஒரு பவுன். அதை ஏப்ரன் பைக்குள் கொட்டிவிட்டுக் கை மறுபடி நீளும். இரண்டாவது பவுனுக்குள் ஓல்டாம் முழுவதும் கூடச் சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. ஆலையில் கத்திப் பேசிப் பழகிய தொண்டைகள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆறாவது பவுனில் ஹெட்லி வேண்டுமென்றே கணக்கைத் தவறவிட்டு ஆறாவது பவுனை மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பணியாரம் கருகும் வாசனை வந்தது. கிளெக் அம்மாள் கையை மடக்கவில்லை. ஒன்பதாவது பவுனின் கடைசி நாணயத்தை, எழுபத்திரண்டாவதை, ஹெட்லி மெதுவாக, ஓசை கேட்கும்படி, அந்த விரித்த உள்ளங்கையில் வைத்தார்.