வராத பெல்ட்டுக்கு வைத்த கிளச்

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் பழைய மெசின் சாமான் விற்கிற ஒருவர் இருந்தார். பெயர் நான் கேட்கவில்லை. ஒல்லியான ஆள். வலது காது மட்டும் கறுத்திருக்கும். எந்த பெல்ட்டையும் அந்தக் காதோடு வைத்து மடிப்பார். உள்ளே வெடிப்பு இருந்தால் கேட்குமாம்.

வெளிநாட்டுச் சாமான் வராத காலம் அது. இரண்டு சில்லில் உருள, பின்னால் நடந்து பிடித்து உழுகிற என் உழவு மெசினின் பெல்ட் அறுந்துவிட்டது. மழைக்கு முன் வயலை உழுது விதைக்காவிட்டால் அந்த வருஷம் நெல் இல்லை. மெசினை வண்டிலில் ஏற்றி அவரிடம் கொண்டுபோனேன்.

அவரிடம் மூன்று பழைய பெல்ட்டுகள் இருந்தன. ஒன்று நீளம் கூடி வழுக்கியது. மற்றது கட்டை. கிளச்சைப் பிடித்தாலும் மெசின் நிற்காமல் இழுத்தது. மூன்றாவதைக் காதில் வைத்துவிட்டுக் கீழே போட்டார்.

"உந்த பெல்ட்டைப் போட்டா என்ன அண்ணை?"

"போடலாம். பிறகு நீர்தான் மெசினை இழுக்கவேணும்."

பிறகு குந்தியிருந்து கிளச்சின் நட்டுகளை வெகுநேரம் திருகினார்.

"பெல்ட் இல்லாமல் உது என்னத்துக்கு?"

"புது பெல்ட்டின்ரை அளவுக்கு வைச்சிருக்கிறன். போட்டவுடனை ஓடும்."

"எப்ப வரும்?"

"வராது போலைதான் கிடக்கு."

மெசினைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வீட்டில் எல்லாருமாய் வயலை மண்வெட்டியால் கொத்தினோம். பாதி வயலில் மழை பிடித்துவிட்டது. மிச்சம் தரிசாய்ப் போனது.

மெசின் இன்னும் பெல்ட் இல்லாமல் கொட்டிலில் நிற்கிறது. வராது என்று தெரிந்தவர் ஏன் அவ்வளவு கவனமாக வைத்தார் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. அந்த நட்டுகளை நான் தொடவில்லை.