மூன்று வளைந்த ஆணிகள்

இதில் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று கேட்டால் இன்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. வயது அறுபத்து மூன்று. சில நாட்கள் மனத்தில் இடம் மாறிக் கிடக்கின்றன. ஆனால் நடந்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தேதியையும் மணியையும் பென்சிலால் மரத்திலேயே குறித்துவைப்பது என் தொழில் பழக்கம். அந்தக் குறிப்புகள் உள்ள மரம் இப்போதும் என் பட்டறையில் இருக்கிறது. இரண்டு துண்டாக.

என் பெயர் லீலண்ட் ஃபுர்த்தாதோ. கிரிட்லி என்ற ஊருக்கு வெளியே, ரைபிள்களுக்குத் தோளில் பதியும் மரக்கட்டை செதுக்கிக் கொடுக்கிறேன். பழைய வால்நட் தோப்புகளை அழிக்கும்போது ஒட்டு மரங்களை வேரோடு தோண்டி வாங்கி வருவேன். கீழே கறுப்பு வால்நட், மேலே வெள்ளை வால்நட். அறுத்தால் ஒரே பலகையில் கருஞ்சிவப்பும் தேன் நிறமும் சந்திக்கும். அந்தக் கோட்டுக்காகத்தான் ஆட்கள் தேடி வருவார்கள். கூட வேலை செய்தவன் என் மனைவியின் தம்பி நெஸ்டர்.

2016 ஜனவரியில் வெண்டல் கிரெப்ஸ் என்ற விவசாயி தன் வால்நட் தோப்பை அழித்தார். எல்லா மரமும் விழுந்த பிறகு ஒன்று மட்டும் நின்றது. அதன் அருகில் என்னை அழைத்துப் போனார். ஒட்டுக் கோடு என் முழங்கால் உயரத்தில் தடித்துத் தெரிந்தது. அதைக் கையால் தடவினார்.

"இதை ஒட்டுனப்போ என் பையன் எமெட்டுக்கு ஏழு வயசு," என்றார். "நான் குச்சியைச் சொருகிப் பிடிச்சேன். அது நகராம இருக்க ரெண்டு ஆணி நான் அடிச்சேன். மூணு அவன் அடிச்சான். மூணும் வளைஞ்சு போச்சு. பிடுங்கிட்டு மறுபடி அடிக்கறேன்னு ஒரே அழுகை. விடுடா, மரம் மூடிக்கும்னேன்."

எமெட் பத்தொன்பது வயதில் போய்விட்டான். டிசம்பர் மூடுபனியில், வீட்டிலிருந்து அரை மைலில், சாலைத் திருப்பத்தில் நடந்த விபத்தில். ஊருக்கே தெரியும்.

"அவன் போயி நாலு மாசம் கழிச்சுத்தான் டெஸ்ஸா பொறந்தா. அப்பன் கை வேலைன்னு அவகிட்ட ஒண்ணுகூட இல்ல, லீலண்ட். என் ரைபிளை அவளுக்குத் தரப்போறேன். நீ கட்டை செஞ்சு குடு. குறி பார்க்கறப்போ கன்னம் வைக்கிறோமே… அந்த இடத்துல அவன் ஆணி இருக்கணும். எடுத்துடாதே."

எங்கள் தொழிலில் முதல் வேலையே இரும்பைத் தேடிப் பிடுங்குவதுதான். ஓர் ஆணி போதும், ரம்பத்தின் பல் போய்விடும். வால்நட் சாற்றில் இரும்பு பட்டால் நீலக் கறுப்பாகக் கறை ஊறும். ஆணியை உள்ளேயே வைக்கச் சொல்லி அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"இரும்போட மரத்தை அறுக்கச் சொல்றாரு. நாளைக்கு முள்ளோட மீனைத் திங்கச் சொல்வாரு," என்றான் நெஸ்டர். "நீங்களும் தலையாட்டிட்டு வந்திருக்கீங்க மச்சான்."

ஜனவரி 19 அன்று தோண்டினோம். கோரைச் சதுப்பிலிருந்து எழுந்த பனி பள்ளத்தாக்கையே மூடியிருந்தது. பகல் 2.40. பொக்லைனை நிறுத்திவிட்டு வேர் மண்ணைக் கையால் தட்டிக்கொண்டிருந்தேன்.

டொக்… டொக்… டொக்.

சுத்தியல் சத்தம். பழக்கமில்லாத கை. இரண்டு மெல்ல விழுந்தன. மூன்றாவது நழுவியது.

"நெஸ்டர், என்னடா அடிக்கிறே?"

பனிக்குள் எங்கோ பிக்கப் வண்டியின் கதவு திறந்தது. "நானா? தமாலே தின்னுக்கிட்டு இருக்கேன். குளிர்ல பல்லுதான் அடிக்குது."

நான் மணியை மட்டும் மரத்தில் எழுதினேன்.

மறுநாள் அறுத்தேன். இரும்பு தேடும் கருவி ஐந்து இடத்தில் கத்தியது. ஐந்தும் பலகைக்குள்ளேயே இருக்கும்படி விலகி அறுத்தேன். பலகை அழகாக வந்தது. ஆனால் தேன் நிறமும் சிவப்பும் சேரும் இடத்தில், தலைமயிர் கனத்தில் ஒரு கறுப்புக் கோடு ஓடியது. ஒட்டு மரத்துக்கு வருகிற நோய் அது. மேல் மரமும் அடிமரமும் ஒன்றையொன்று உதறத் தொடங்கியதன் அடையாளம். இன்று இல்லாவிட்டால் என்றாவது அந்த இடம் விட்டுவிடும்.

அதைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. தாங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முனைகளில் மெழுகு பூசி அலமாரியில் வைத்தேன். பலகை காய நான்கு வருடம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எடை போட்டு அதன் மேலேயே எழுதுவேன். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். அந்த முதல் தேதிகளில் எல்லாம் வெண்டல் வந்தார். தொப்பியைக் கழற்றுவார். பலகையின் மேல் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நிற்பார். போய்விடுவார். அந்த நான்கு வருடத்தில் அவர் பட்டறையில் பேசியது பத்து வாக்கியம்கூட இருக்காது.

2020 பிப்ரவரி 3. எடை நின்றிருந்தது. பலகையை எடுத்து மேசையில் சாய்த்தேன். ரம்பத்தைக்கூட இன்னும் தொடவில்லை.

அந்தக் கறுப்புக் கோட்டில் விட்டது. இரண்டு துண்டு.

பிளந்த முகத்தில் ஐந்து ஆணிகள் நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டு நேர். மூன்று வளைந்தவை.

"சொல்லிடுங்க மச்சான்," என்றான் நெஸ்டர்.

"நாலு வருஷமா அந்த மனுஷன் வந்து கை வெச்சுக்கிட்டு நிக்கிறான்டா."

"அதனாலதான் சொல்லிடுங்க."

நான் சொல்லவில்லை. அந்தத் துண்டையே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். இன்று தெரிகிறது. அன்று, அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. அலமாரியிலிருந்து வேறு மரத்தின் ஒட்டுப் பலகையை எடுத்தேன். பதினைந்து நாளில் கட்டையைச் செதுக்கி முடித்தேன். கன்னம் படும் இடத்தில் ஐந்து பழைய ஆணிகளை இறக்கினேன். மூன்றைக் குறடால் வளைத்தேன். வினிகர் தடவியதும் நீலக் கறுப்பு ஊறி வந்தது. யார் பார்த்தாலும் முப்பது வருட ஆணிதான்.

உடைந்த துண்டுகளை அடுப்புக்குப் பக்கத்தில் விறகோடு போட்டேன். எரிக்க மனம் வரவில்லை.

பிப்ரவரி 18. மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மறுபடி பனி. சன்னலுக்கு வெளியே எதுவும் இல்லை, வெள்ளைதான். நெஸ்டர் எண்ணெய் வாங்க ஊருக்குள் போயிருந்தான். குளிருக்காகக் கதவை உள்ளே தாழிட்டிருந்தேன். மணி 3.05. சாணைக்கல்லில் உளி தீட்டிக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் மேசை. அதற்கும் அப்பால் அடுப்பு.

முதலில் வாசனை வந்தது.

பச்சை வால்நட் தோலின் வாசனை. அறுவடையில், செப்டம்பரில் வருவது. அந்தத் தோலை உரித்தவன் கை வாரக்கணக்கில் கறுப்பாகவே இருக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது. பிப்ரவரியில் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பச்சைத் தோல் கிடையாது.

உளியை நிறுத்தினேன்.

டொக்… டொக்… டொக்.

அடுப்புப் பக்கம்.

பிறகு ஒன்றும் இல்லை. மணி 3.12.

கிறீச்…

மரத்திலிருந்து ஆணி கழலும் சத்தம். நாற்பது வருடம் கேட்ட சத்தம். விறகுக் குவியலிலிருந்து.

கிறீச்…

இன்னொன்று.

மூன்றாவது.

திரும்ப வேண்டும் என்று நினைத்தேன். கழுத்து திரும்பவில்லை.

சத்தம் கிட்டே வந்தது. இப்போது மேசையில்… என் முதுகுக்கு நேர் பின்னால்.

கிறீச்… கிறீச்… கிறீச்…

மூன்று.

பிறகு ஒரு சின்னக் குரல். கோபம் இல்லை. தப்பாக வந்த நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிற பிள்ளையின் குரல்.

"இது நான் அடிச்சது இல்ல."

மூக்கை உறிஞ்சும் ஒலி.

அப்புறம்… ஒன்றுமே இல்லை.

3.20க்குத் திரும்பினேன். தாழ் போட்டபடியே இருந்தது. புதுக் கட்டையில் இரண்டு நேர் ஆணிகள் அப்படியே இருந்தன. வளைந்த மூன்றும் மேசையில், பக்கத்தில் பக்கத்தில், வரிசையாகக் கிடந்தன. கட்டையின் கன்னத்தில் நான்கு விரல் தடம். கறுப்பு. என் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியவை.

3.40க்கு நெஸ்டர் கதவைத் தட்டினான். உள்ளே வந்தான். "என்ன மச்சான், தோல் உரிச்சீங்களா? இந்த வாசனை…" என்று ஆரம்பித்தான். கட்டையைப் பார்த்தான். எண்ணெய் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

விரல் தடத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். மூன்று ஆணிகளையும் நிமிர்த்தித் திரும்ப அடித்தேன். இந்த முறை குறடு தேவைப்படவில்லை. சுத்தியல் நழுவி அவையே வளைந்தன.

மறுநாள் பதினொரு மைல் ஓட்டிக்கொண்டு வெண்டல் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் கட்டையை வைத்தேன். அவர் கட்டைவிரலால் தடவினார்.

"ஒண்ணு, ரெண்டு… இது என்னுது." விரலை நகர்த்தினார். "மூணு… நாலு… அஞ்சு. கழுதை. வளைச்சுத்தான் வெச்சிருக்கான்."

சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை. எனக்கு ஊற்றிய காபி ஆறிப்போனது.

டெஸ்ஸாவுக்கு அப்போது பதினேழு வயது. கட்டையை எடுத்துக் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். தாத்தாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என்னோடு பிக்கப் வரை நடந்து வந்தாள்.

"அது எங்க அப்பா அடிச்சது இல்லதானே?"

நான் வண்டிச் சாவியைத் தேடினேன்.

சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே மூன்று ஆணிகள். துரு ஏறி, நீலக் கறுப்பு படிந்து. மூன்றும் வளைந்தவை.

"நேத்து ஸ்கூல்லேர்ந்து வந்து பார்க்கிறேன், தலகாணி மேல இருக்கு. மூணரை மணி இருக்கும். தலகாணி உறையில கறுப்பா… சின்னக் கை. துவைச்சுப் பார்த்தேன். போகல." டப்பாவை மூடினாள். "யார் வெச்சாங்கன்னு எனக்குத் தெரியல. இப்ப அந்தக் கட்டையைத் தொட்டதும், அது பொய்யுன்னு மட்டும் தெரிஞ்சுது."

"நான் அவர்கிட்ட சொல்லிடறேன்மா."

"வேணாம் சார். தாத்தா எண்ணி முடிச்சுட்டார்."

திரும்பி வந்து விறகுக் குவியலில் அந்தத் துண்டைத் தேடி எடுத்தேன். நேர் ஆணிகள் இரண்டும் இருந்தன. மற்ற மூன்று இடத்திலும் வெறும் துளை.

வெண்டல் கிரெப்ஸ் அடுத்த வருடம் நவம்பரில் தூக்கத்தில் இறந்தார். கடைசிவரை அவருக்குத் தெரியாது. தோப்பு இருந்த இடத்தில் இப்போது பாதாம் நட்டிருக்கிறார்கள். நெஸ்டர் 2020 வசந்தத்தோடு என்னிடம் வேலையை விட்டுவிட்டு நெல் லாரி ஓட்டப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவான். அதைப் பற்றிப் பேசமாட்டான். டெஸ்ஸா ரெட்டிங் நகரில் செவிலியாக இருக்கிறாள். ரைபிள் அவளிடம் இருக்கிறது. இதுவரை அதில் அவள் சுட்டதில்லை. மாத்திரை டப்பாவும் அவளிடம்தான்.

நான் ஒட்டு மரத்தில் கட்டை செய்வதை நிறுத்திவிட்டேன். இரண்டு துண்டுகளும் பழைய அலமாரியில் இருக்கின்றன. முதல் தேதிகளில் தொப்பியைக் கழற்றிவிட்டு அவற்றின் மேல் கை வைக்கிறேன். எடை போடுவதில்லை.