லீவு லெட்டரில் படித்த மனசு

என் வாழ்நாளில் நான் எழுதிய புத்தகம் ஒன்றே ஒன்றுதான். எழுபத்திரண்டு பக்கம். மந்தாரக்குப்பத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் அடித்தது. மேடையில் பிறர் மனதில் இருப்பதை நான் எப்படியெல்லாம் கண்டு சொன்னேன் என்று அதில் வரிக்கு வரி அளந்திருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் நெய்வேலியில் எந்த விழா என்றாலும் என் நிகழ்ச்சி உண்டு. அந்தப் புத்தகம் இன்னும் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், போய்க் காலில் விழுந்தாவது வாங்கிக் கிழித்துப் போடலாம் போலிருக்கிறது. அவ்வளவு வெட்கம்.

பகலில் நான் சுரங்கத்து டைம் ஆபீஸில் கிளார்க். எல்லா லீவு லெட்டரும் என் மேஜைக்குத்தான் முதலில் வரும். எங்கள் ஹெட் கிளார்க்குக்கு 'சொந்த வேலை காரணமாக' என்று மொட்டையாக எழுதினால் ஆகாது. யாருக்கு, என்ன, எந்த ஊரில் என்று விவரமாகக் கேட்பார். அதனால் அம்மாவின் கண் ஆபரேஷன், தங்கையைப் பெண் பார்க்க வருவது, மச்சானோடு வரப்புத் தகராறு எல்லாம் எழுத்தில் வந்து சேரும். அடியில் கையெழுத்து, பிளாக், குவார்ட்டர்ஸ் நம்பர்.

என் வித்தை இவ்வளவுதான். கண்ணில் கோதுமை மாவை அப்பி, மேலே கறுப்புத் துணி கட்டிக்கொள்வேன். கூட்டத்தில் ஒருவர் எழுந்து பிளாக்கையும் குவார்ட்டர்ஸ் நம்பரையும் மட்டும் சொல்ல வேண்டும். நான் நெற்றியைத் தடவிக்கொண்டு, "அம்மாவுக்குக் கண்ணுல கட்டு போட்டிருக்காங்க, இடது கண்ணு" என்பேன். கூட்டம் வாயைப் பிளக்கும். திருநெல்வேலிக்காரரும் கோயம்புத்தூர்க்காரரும் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கிற ஊர். ஒருவர் சமாச்சாரம் மற்றவருக்குத் தெரியாது. லீவு லெட்டரைக் கிளார்க் உட்கார்ந்து படிப்பான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நானும் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஓர் ஆயுத பூஜை விழாவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த இளம்பெண் ஒருத்தி ஆசையாக எழுந்து நம்பர் சொன்னாள். எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்த அவள் கணவர் ஆவணியில் மூன்று நாள் லீவு எழுதியிருந்தார். கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் குழந்தையில்லை, மனைவியைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்பது காரணம். அவளை மேடைக்கே வரச் சொன்னேன்.

"போன ஆவணியில மூணு நாள் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில இருந்தீங்க. கவலைப்படாதீங்கம்மா, வீட்டுல தொட்டில் ஆடும்."

"நான் எங்கியும் போவலிங்களே," என்றாள்.

கூட்டத்தில் சலசலப்பு. அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். மேடைக்காரன் தோற்கக் கூடாது என்கிற திமிர் விடவில்லை. "அம்மா வெட்கப்படறாங்க. வீட்டுக்காரர் உக்காந்திருக்காரே, அவரைக் கேட்டா தெரியும்," என்று சிரித்தேன்.

கட்டிய துணிக்கு அடியில், மூக்கோரம் எப்போதும் ஓர் இடுக்கு இருக்கும். அதன் வழியே அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அவை கணவர் இருந்த பக்கம் திரும்பின. அங்கிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவள் கட்டைவிரல் மேடைப் பலகையை அழுத்திக்கொண்டிருந்தது. பிறகு, "ஆமாங்க, போனேன்," என்றாள். கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கே போகாத மனைவியைச் சொல்லி லீவு எடுத்தவர் வேறு எங்கேயோ போயிருக்கிறார். அது அவளுக்கும் அந்த மேடையில்தான் தெரிந்தது. ஊர் பார்க்க அவர் மானத்தையும் என் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டு அவள் இறங்கிப் போனாள். நான் கும்பிட்டு அடுத்த நம்பரைக் கேட்டேன். பின்னால் எழுதிய புத்தகத்தில் இதற்குத் தனி அத்தியாயமே உண்டு: 'சபை நடுவே உண்மையை ஒப்புக்கொண்ட பெண்'. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். நான் அச்சடித்தே மறைத்தேன்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை அவள் டைம் ஆபீஸ் வராந்தாவில் வந்து நின்றாள்.

"சார், ஆவணியில அந்த மூணு நாளும் டபுள் டூட்டி பாத்துகினு இருந்தேன்னு எங்க வூட்டுக்காரரு சாதிக்கிறாரு. முத்தாண்டிக்குப்பத்துல இன்னொரு பொண்ண நிச்சயம் பண்ணிகினு வந்திருக்காரு. கேட்டா எனக்குச் சந்தேக புத்தியாம். ஞாயித்துக்கிழம பெரியவங்க கூடிப் பேசப் போறாங்க. அவரு லீவு எழுதின கடுதாசி ஒங்க கிட்டதான வந்திருக்கும்? நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா போதுங்க."

ஆபீஸ் காகிதத்தில் இருப்பதை வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். ஹெட் கிளார்க்கிடம் சொல்லியிருந்தால் அவரே முன்னால் நடந்து வந்திருப்பார், அப்படிப்பட்ட மனிதர். என் மனோசக்தி முழுக்க லீவு லெட்டர்தான் என்று பிளாக் பிளாக்காகச் சிரிப்பார்களே என்றுதான் பயந்தேன்.

"லெட்டரெல்லாம் நான் படிக்கறதில்லம்மா. மேடையில சொன்னது மனோசக்தி. அது தானா வரும், போகும்," என்றேன்.

அவள் கோபப்படவில்லை. 

"அப்படின்னா, இப்ப நான் என்னா நெனச்சிகினு இருக்கேன்னு சொல்லுங்க."

அதைப் படிக்க எனக்கு எந்த லெட்டரும் வேண்டியிருக்கவில்லை. மேஜை மேல் இருந்த காகிதங்களைப் புரட்டிக்கொண்டே, "பஸ் போயிடும், கெளம்பும்மா," என்றேன். போய்விட்டாள்.

தை பிறந்ததும் அவள் கணவர் ஒரு வாரம் லீவு கேட்டு எழுதிய லெட்டர் என் மேஜைக்கு வந்தது. காரணம், தம்பி கல்யாணம். வீட்டுக்கு ஒரே பிள்ளை என்று முன்பு ஒரு லெட்டரில் எழுதியவரும் அவர்தான். நான் ஓரத்தில் இனிஷியல் போட்டு ஹெட் கிளார்க்குக்கு அனுப்பி வைத்தேன்.