நோட்டில் அடிக்காத வரி

செல்வி, முத்து, இந்த ஊரில் சண்டை போடுவதற்கும் மரியாதை வேண்டும். இன்று காலை பீளமேட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது பைக்கில் வந்த ஒருவர் என் காலை உரசிவிட்டு, "ஏனுங்க, பாத்து நிக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நம் தொண்டியில் என்றால் இதற்கு ரெண்டு பேர் சட்டையும் கிழிந்திருக்கும். வந்து மூன்று வருஷமாகியும், இவர்கள் எப்போது கேட்கிறார்கள், எப்போது உத்தரவு போடுகிறார்கள் என்பது எனக்குப் பிடிபடவில்லை. போன மாதம் அதில்தான் மாட்டிக்கொண்டேன். வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்க வேண்டாம் என்று அப்பா நானே எழுதுகிறேன்.

இங்கே ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கூடத்தில் மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் ஒன்று பிளேட்லெட் பைகளை ஆட்டும் மெஷின். காயம் பட்டால் ரத்தத்தை நிறுத்தும் சின்னஞ்சிறு அணுக்கள்தான் பிளேட்லெட். ஆடிக்கொண்டே இருந்தால்தான் பையில் அது கெடாது. அதை இன்னும் சில நாள் கூடுதலாக வைத்திருக்க டாக்டர் சுகந்தி அம்மா வழி தேடுகிறார். ரத்த நோய்களைப் பற்றி அவர் எழுதி வெளிவந்த கட்டுரைகளின் பட்டியல், அவர் அறைச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒட்டியிருக்கிறது. எட்டாவது படித்த எனக்கு அதில் ஒரு வரிகூடப் புரியாது.

ஒரு முற்பகல், நான் ஸ்டோருக்குப் போயிருந்தபோது, பெல்ட் அறுந்து மெஷின் நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் நின்றது என்று மெஷினே காட்டியது. பெல்ட்டை மாற்றி ஓடவிட்டு, அந்த நேரத்தை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போட்டவரால்தான் அதை அடிக்கவும் முடியும். மறுநாள் டாக்டரம்மா நோட்டோடு வந்தார்.

"அண்ணா, இந்த ஒரு வரிய அடிச்சுப்போடலாங்களா?"

என்னிடம் யோசனை கேட்கிறார் என்று நினைத்தேன். "வேணாம்மா" என்றேன்.

அவருடைய மாணவி ரம்யா, அன்னூர்ப் பெண், என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள். "ஐயோ அண்ணா, அது கேள்வியே இல்லீங்க. அடிக்கச் சொல்லிப்போட்டாங்க! அந்தப் பையெல்லாம் ஆகாதுன்னா ஆறு மாச வேலை வீணுங்க. கட்டுரையும் போச்சுங்க."

எனக்கு உங்கள் பெரியப்பா ஞாபகம் வந்தது. தொண்டியில் நான் போட் எஞ்சின் பார்த்த காலத்தில், நடுக்கடலில் எஞ்சின் நின்று கிளம்பியதை என் கூட்டாளி கரைக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் அதே போட்டில் பெரியப்பா போனார். எஞ்சின் மறுபடி நின்று, மூன்று நாள் கழித்து வேறு கரையில் ஒதுங்கினார். உயிர் இருந்தது, ஆனால் அதற்குப் பிறகு அவர் கடலில் கால் வைக்கவில்லை. இந்தக் கட்டுரையை நம்பி நாளை எந்த ஊர் டாக்டரோ ஒரு பிள்ளைக்குப் பையை ஏற்றுவார். ஈறில் ரத்தம் கசிய வரும் பிள்ளைகளை நான் தினமும் இதே வராந்தாவில் பார்க்கிறேன். திரும்ப உள்ளே போனேன்.

"தெரியாமச் சொல்லிட்டேன்னு நெனைக்காதீங்கம்மா. இப்பத் தெரிஞ்சே சொல்றேன். அடிக்க மாட்டேன்."

"கொஞ்ச நேரந்தானுங்களே நின்னுச்சு?"

"நின்னது நின்னதுதாம்மா."

"உங்க ஒப்பந்தம் வர்ற மாசம் முடியுதுங்களே?"

இதுவும் கேள்வி இல்லை என்று இந்தத் தடவை நன்றாகவே புரிந்தது. "முடியட்டும்மா. எஞ்சின் பாக்கத் தெரிஞ்சவனுக்கு ஊர்ல கடல் இருக்கு" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, உங்கள் இருவரின் படிப்புச் செலவு கண்முன் நின்றது. அப்படியும் பேனாவைத் தொடவில்லை.

பத்து நாள் அவர் மெஷின் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு காலை அவரே மெஷினருகில் வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எல்லாப் பையும் கழிச்சுப்போட்டேனுங்க. மொதல்ல இருந்து ஆரம்பிக்கலாங்களா, அண்ணா?"

"ஆரம்பிங்கம்மா" என்றேன். இந்த வருஷம் அவர் சுவரில் புது வரி ஏறாது. அது அவருக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்று எனக்குத் தெரியும். இருந்தும் நான் வருத்தம் தெரிவிக்கவில்லை. தெரிவிக்கவும் மாட்டேன்.

நேற்று ரம்யா புது ஒப்பந்தத் தாளைக் கொண்டுவந்தாள். சொந்த ஊர் என்ற இடத்தில் தொண்டி என்று எழுதினேன். "அண்ணா, அங்கே ஒங்க வீட்டத்தான் பூட்டிப்போட்டீங்களே, அண்ணியும் பிள்ளைகளும் மதுரைலதானுங்க இருக்காங்க? பீளமேடுன்னே போட்டுருங்க" என்றாள். அதன் பக்கத்திலேயே பீளமேடு என்றும் எழுதினேன். ஒரு கட்டத்துக்குள் ரெண்டு ஊர் இடித்துக்கொண்டு நின்றன. ஆபீஸில் ஒன்றை அடிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அப்படியே மறுபடி கொடுத்துவிட்டேன்.