மாஸ்டர் சிபாரிசு செய்யும் பாட்டுகள்

“கிட்டார் ஏறட்டும், அப்புறம் கால எடுங்க. அவசரமே வேண்டாம்” என்கிறார் மாஸ்டர். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பேக்கரிக்காரர் முதுகை விறைத்துக்கொண்டு, கிளச்சை முழுசாக மிதித்தபடி உட்கார்ந்திருக்கிறார். காரின் ஸ்பீக்கரில் நான்கு ஜப்பானியர்கள் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். மாஸ்டர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போடுகிறார். கிட்டார் ஏறுகிறது. பேக்கரிக்காரரின் கால் மெல்ல எழ, கார் குலுங்காமல் நகர்கிறது. “பாத்தீங்களா?” என்கிறார் மாஸ்டர், தானே வாசித்து முடித்ததுபோல.

டயர் கடைக்குப் பக்கத்தில் ஒரே அறை, வாசலில் ஒரே கார். அதுதான் அவருடைய டிரைவிங் ஸ்கூல். தலையில் முடி இல்லை. முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானை எந்த வெயிலிலும் அவிழ்க்க மாட்டார். உலகமெங்கும் மைதானங்களை நிரப்புகிற அந்த ராக் இசைக்குழுவை ‘நம்ம பசங்க’ என்றுதான் சொல்வார். பசங்களில் பாடுகிறவருக்கு மாஸ்டரைவிட வயது அதிகம்.

உறவு தொடங்கியது ஒரு பழுதில். ஸ்கூல் ஆரம்பித்த புதிதில் அவர் வாங்கிய பழைய கார் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தது. அதன் பிளேயருக்குள் ஒரு சிடி மாட்டிக்கொண்டிருந்தது. மெக்கானிக் தலைகீழாக நின்றும் அது வெளியே வரவில்லை. சாவியைத் திருப்பினால் பாட்டும் சேர்ந்து கிளம்பும். முதலில் எரிச்சல், பிறகு பழக்கம், பிறகு அது இல்லாவிட்டால் மாஸ்டருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது என்றாகிவிட்டது. கார் மாறிவிட்டது. பசங்க மாறவில்லை, அவர்களுடைய மற்ற ஆல்பங்களும் வந்து சேர்ந்துகொண்டன.

ஜப்பானிய எழுத்து அவருக்குக் கோடும் கட்டமும்தான். அதனால் பாட்டுகளுக்கு அவரே பெயர் வைத்துவிட்டார். ரிவர்ஸ் பாட்டு, மேட்டுப் பாட்டு, சந்துப் பாட்டு, லாரி ஒதுங்கற பாட்டு. முதல் வகுப்பு முடிந்ததும் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார். பிறகு டாக்டர் மாதிரி எழுதிக் கொடுக்காத குறையாக, “உங்களுக்கு சந்துப் பாட்டுதான் சரி. காலைல ஒரு தரம், படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தரம் கேளுங்க. வேற எதையும் கலக்காதீங்க” என்பார். அன்று மாலையே அது போனில் வந்துவிடும்.

மருந்துக்குப் பின்விளைவும் உண்டு. பேக்கரிக்காரர் லைசென்ஸ் சோதனைக்குப் போனபோது அதிகாரி ஏறியதும் பாட்டை அணைத்துவிட்டார். கொடி அசைந்தது. கார் அசையவில்லை. “என்ன சார், தூங்கிட்டீங்களா?” என்றார் அதிகாரி. “இருங்க சார், கிட்டார் வரட்டும்” என்று பதில் வந்தது. அவர் மனசுக்குள் பாட்டை முதலிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குழுவின் முன்னிசைகள் கொஞ்சம் நீளம். ஃபெயில் ஆனவர் மறுபடி வந்தபோது மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. “தப்பு என்னோடதுதான். உங்களுக்குச் சின்ன பாட்டா குடுத்திருக்கணும்” என்றார்.

அவருடைய பொறுமை ஊரறிந்தது. சொந்த மனைவியிடம் மட்டும் அது செல்லுபடியாகாது.

அந்த அம்மாள் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் வேலை பார்க்கிறவர். ஊருக்கு வெளியே திறந்திருக்கிற புதிய கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். விடிவதற்கு முன்பே ஷிஃப்ட். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. அடுத்த வாரத்துக்குள் லைசென்ஸ் வாங்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். அந்த வேலை இல்லாத தன்னை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சோதனை நாளைக்கு.

பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுக்கிறவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். மற்றவர்களோடு போகும்போது மாஸ்டர் அதை மறந்தே விடுவார். மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டாலோ அந்தக் காலுக்குப் பேய் பிடித்துவிடுகிறது. தூரத்தில் சைக்கிள் தெரிந்தால் ஒரு மிதி. நாய் தலையைத் தூக்கினால் ஒரு மிதி. அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் “கவனம், கவனம்” என்று சிடுசிடுப்பார். நேற்று அந்த அம்மாள் நடுரோட்டில் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டுவிட்டார்: “ஓட்டறது நானா, உங்க காலா? இன்னொரு தரம் மிதிச்சீங்கன்னா நான் வேற ஸ்கூலுக்குப் போயிடுவேன்.” மாஸ்டருக்குச் சுருக்கென்றது. இரவெல்லாம் பாட்டுகளைப் புரட்டினார். அவளுக்குச் சரியான பாட்டு கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உண்மையாகவே நம்பினார்.

இன்று மாலை, கடைசிப் பயிற்சி. ரவுண்டானாவுக்கு முன்னால் கார் நிற்கிறது. மேட்டுப் பாட்டு போடுகிறார், “வேணாம்.” சிக்னல் பாட்டு, “தலை வலிக்குது.” லாரிப் பாட்டு ஆரம்பிப்பதற்குள் அந்த அம்மாளே கையை நீட்டி நிறுத்துகிறார்.

“நீங்க எப்பவும் தள்ளிவிடுவீங்களே, அதப் போடுங்க.”

“எது?”

“அந்த மஞ்சள் அட்டை ஆல்பத்துல கடைசியா வருமே. டிரம்ஸ் கிடையாது. பாடறவர் சும்மா முணுமுணுத்துக்கிட்டே இருப்பாரு.”

மாஸ்டர் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்க்கிறார். வீட்டில் அவர் பாட்டுக் கேட்கும்போதெல்லாம் ‘அந்தக் கத்தலை நிறுத்துங்க’ என்பதைத் தவிர அந்த அம்மாள் வேறெதுவும் சொன்னதில்லை.

“அதுல ஒண்ணுமே இல்லயேம்மா. எங்க கிளச்ச விடறது, எங்க திருப்பறது, ஒண்ணும் புடிபடாது. அத நான் யாருக்குமே சொன்னதில்ல.”

“அதான் வேணும். எப்ப என்ன செய்யணும்னு அது சொல்லாது. நான் பாத்துக்கறேன்.”

பாட்டு தொடங்குகிறது. ஒரே குரல், அதற்குப் பின்னால் அரைகுறையாக ஒரு பியானோ. ரவுண்டானாவில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த அம்மாள் வலது பக்கம் பார்க்கிறார், கண்ணாடியைப் பார்க்கிறார், கியரைப் போடுகிறார். ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்தபடி வருகிறது. மாஸ்டரின் பாதம் தரையைவிட்டு எழுந்து பிரேக்குக்கு மேலே போய் நிற்கிறது. கார் நகர ஆரம்பிக்கிறது.

மாஸ்டர் அவசர அவசரமாகச் செருப்பை உதறிவிட்டு, இரண்டு கால்களையும் இருக்கையின்மேல் தூக்கிச் சம்மணம் போட்டு, முழங்கால்களைக் கைகளால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறார்.