மாத்தாளாகப் போனவள்

எங்கள் பக்கம் பட்டாசு ஆலைகளில் ஒரு பழக்கம் உண்டு. ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் இன்னொருத்தி போய் அவள் இடத்தில் உட்காருவாள். மாத்தாள் என்போம். கம்பெனி வருகைப் பதிவேட்டில் வீட்டில் படுத்திருப்பவள் பேரே இருக்கும். சீசன் நேரத்தில் இடத்தை விட்டால் வேறு ஆள் வந்துவிடும். அதனால்தான் இந்த ஏற்பாடு. யாரும் இதைத் தப்பாக நினைத்ததில்லை.

தீபாவளிக்கு முந்திய சீசன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல். என்னை அண்ணே என்றும் என் வீட்டுக்காரியை மதினி என்றும் கூப்பிடும். அதற்கு மாத்தாளாக என் வீட்டுக்காரி போனாள். கம்பெனி வண்டியில் ஏறும்போது அந்த வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"ஏத்தா, ஒம் பேருல போறேன். வேலை சரியில்லைன்னா ஒன்னையத்தான் வைவாக."

வண்டியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

மத்தியானம் நான் சிவகாசியில் ஓர் அச்சுக் கம்பெனிக்கு லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். ஆலை வெடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. போன்தான் வந்தது.

ஆஸ்பத்திரி பிணவறையில் பார்த்தேன். பக்கத்து அறை வெடித்து, இவள் இருந்த அறைச் சுவர் விழுந்திருக்கிறது. முகத்தில் ஒரு காயமும் இல்லை. தூங்குகிறவள் மாதிரி இருந்தாள்.

வெளியே போலீஸ்காரர் செத்தவர்களின் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பேரைச் சொன்னார். அது உயிரோடு இருக்கிறது, இது என் சம்சாரம் என்றேன். கம்பெனி போர்மேன் அங்கே நின்றான். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அப்ப இது வேலைக்கு வந்த ஆள் இல்ல சார். யாருக்காச்சும் சோறு கொண்டாந்த பொம்பளையா இருக்கும்."

அவள் வேலை செய்யப் போனவள். வேலையில் செத்தவள். சோறு கொடுக்கப் போய்ச் செத்தாள் என்று எழுத விடக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது.

தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் வந்தார். வயதானவர். "தம்பி, நம்ம கையில வேற ஒன்னுமில்ல. அவ வேலைக்குத்தான் வந்தாள்னு அதிகாரிக எழுதுத வரைக்கும் உடம்பை வாங்காதீக. வாங்கிட்டா அப்புறம் ஒரு பய திரும்பிப் பாக்க மாட்டான்" என்றார்.

வாங்க மாட்டேன் என்றேன். ஊர்க்காரர்கள் ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். கோஷம் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள். எனக்கு வராது. சும்மா உட்கார்ந்தேன்.

என் மகள் மூன்றாம் வகுப்பு படித்தாள். அம்மாவைப் பார்க்கணும் என்றாள். சின்னப்பிள்ளை, பிணவறைக்கு வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் பார்க்கட்டும் என்றார்கள் பெரியவர்கள். நானும் சரி என்றேன்.

மறுநாள் போலீஸ்காரர் வந்து பக்கத்தில் குத்தவைத்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "ஏலே, வாங்கிட்டுப் போயிரு. உள்ள ஐஸ் பொட்டி சரியா குளிர மாட்டேங்குதாம். எம்புட்டு நேரம் தாங்கும்?" ரோட்டில் போன ஒருவன், "காசுக்குப் பொணத்தை வச்சு உக்காந்திருக்கானுக" என்றான். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரி இருந்தால் பதில் சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் தெருவில் விளக்குமாற்றோடு நிற்பாள். நாய் வாலில் சரவெடி கட்டுகிற பயல்களை விரட்டுவாள். "ஒன் வாயில வைக்கவா? அதுக்கும் ஒடம்பு சுடும்லே" என்பாள். தெருவே சிரிக்கும். அவள் நிற்பதை நிறுத்தியதில்லை. நாய்கள் எங்கள் வாசலில் வந்து படுத்துக்கொள்ளும்.

மூன்றாம் நாள் தாசில்தார் வந்தார். அவர் பின்னாலேயே போர்மேனும் வந்தான். அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெண் ஆட்டோவில் வந்து இறங்கியது. காய்ச்சல் விடவில்லை. போர்வையைச் சுற்றியிருந்தது. அதன் புருஷன் அதே கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவன். கையைப் பிடித்து இழுத்தான்.

"வாடி வீட்டுக்கு. பொழப்புல மண்ணைப் போட்டுராத."

அது கையை உதறிவிட்டு தாசில்தார் முன்னால் போய் நின்றது.

"சாமி, செத்தது நான்னு சொன்னீகளாம்ல. இந்தா, இங்கன நிக்கேன். நல்லா பாத்துக்கோங்க. எனக்கு மாத்தாளாத்தான் எங்க மதினி போச்சு. அது சோறு குடுக்க வரல. வேலை பாக்க வந்துச்சு."

"நாளைக்கு வேலை கேட்டு கம்பெனிக்கு வருவேல்ல, அப்பப் பேசிக்கிடுதேன்" என்றான் போர்மேன்.

"வந்தாத்தானே பேசுவீரு."

அதுவரை ஓரமாக நின்ற ஆலைப் பெண்களில் ஒருத்தி, "நானும் அந்த வண்டியிலதான் போனேன். எம் பக்கத்துலதான் உக்காந்து வந்துச்சு" என்றாள். பிறகு இன்னொருத்தி சொன்னாள். பிறகு எல்லோரும் சொன்னார்கள். தாசில்தார் எழுதிக்கொண்டார். என் வீட்டுக்காரியின் பேரைச் சொல்லி, இவர் இந்த ஆலையில் வேலை செய்தபோது இறந்தார் என்று எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். நான் கைநாட்டு வைத்தேன். உடம்பை வாங்கினோம்.

மூன்று நாளில் முகம் பார்க்கிற மாதிரி இல்லை. வீட்டில் திறக்க வேண்டாம் என்றார்கள். துணியோடு கட்டியபடியே எடுத்துப் போனோம். மகள் துணியைத்தான் பார்த்தாள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குச் சுற்று வட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் வேலை தரவில்லை. புருஷனையும் வண்டியை விட்டு இறக்கிவிட்டார்கள். காரியாபட்டிப் பக்கம் அதன் பிறந்த ஊருக்குக் காட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். கிளம்பும்போது என் வாசலில் வந்து நின்றது. "வாரேன்ணே" என்றது. நல்லா இருங்க என்று சொல்ல நினைத்தேன். அதன் மூட்டையை வாங்கித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் இடம் வரை போனேன்.

அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. மாத்தாள் போவது மட்டும் நிற்கவில்லை.

இப்போதும் எங்காவது வெடித்தால் லோடு வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். செத்தவரின் வீட்டு ஆட்களோடு உட்காருகிறேன். என்னைத் தெரிந்தவர்கள், உடம்பை வாங்கவா வேண்டாமா என்று கேட்பார்கள். உட்காருங்க என்பேன். இன்னொன்றும் சொல்வேன்.

"முதல்ல பிள்ளைகளை உள்ள கூட்டிப் போயி முகத்தைக் காட்டிருங்க. அப்புறமா வந்து உக்காருவோம்."