கள்ளக்குறிச்சியில் நான் விற்ற சொகுசுக் கார்கள்

விலை உயர்ந்த கார் விற்கிற வேலையில் பேசுகிற நேரத்தைவிட யாருக்காவது காத்துக்கொண்டிருக்கிற நேரம்தான் அதிகம். தன்னால் வாங்க முடியாத பொருளை அடுத்தவருக்கு விற்றுச் சம்பளம் வாங்குகிறவர்கள் உங்களிலும் நிறையப் பேர் இருப்பீர்கள். வைர நகைக்கடையில் நிற்பவர்கள், கடலோர வில்லாவைச் சுற்றிக் காட்டுபவர்கள். நான் சொல்வது உங்களுக்குச் சட்டென்று புரியும்.

எங்கள் ஷோரூம் சேலத்தில். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு இங்கேயும் பெரிய கார் கேட்க ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று என்னை அனுப்பி வைத்தார்கள். நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று எழுத ஆரம்பித்தால் அது வேறு கட்டுரை. இங்கே எனக்கென்று இருந்தது ஒரு வாடகை அறை, ஒரு லேப்டாப், வாரத்தில் நாலு நாள் மட்டும் கைக்கு வரும் டெமோ கார். வாங்க நினைக்கிறவர்கள் ஓட்டிப் பார்ப்பதற்கான வண்டி அது. மற்ற நாட்களில் அது சேலத்துக்குப் போய்விடும், நான் பஸ்ஸுக்குப் போய்விடுவேன்.

தண்ணீர் வரும் நாள்

நான் குடியிருந்த தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் தண்ணீர் வரும். ஐந்தாறு பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஊருக்கு வந்த இரண்டாவது வாரம் நானும் ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிக்கொண்டு போய் நின்றேன். என் அறையிலேயே மோட்டார் தண்ணீர் வரும். நான் போனது தண்ணீருக்காக இல்லை.

தெருமுனையில் நான் நிறுத்தியிருந்த கறுப்பு டெமோ காரை எல்லோரும் பார்த்திருந்தார்கள். என் தலையைப் பார்த்ததும் பேச்சு நின்றது. வரிசையில் முதலில் இருந்த சிவப்புக் குடத்தை ஒரு அம்மா நகர்த்திவிட்டு என் குடத்தை எடுத்துக் குழாயடியில் வைத்தார். "வேண்டாங்க, நான் நிக்கேன்" என்றேன். என் பேச்சைக் கேட்டு ஒரு பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு, "அது என் கார் இல்லீங்க" என்று தொடங்கினேன். யாரும் நம்பின மாதிரி தெரியவில்லை. குடம் நிறைந்ததும் அந்த அம்மாவே தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க போங்க மேடம், உங்களுக்கு டைம் ஆவுது. நாங்க பேசிக்கினு இருப்போம்."

பூசணிக்காய்

வடக்கனந்தல் பக்கம் ஒரு அரிசி ஆலைக்காரர் கார் வாங்கினார். வண்டியை மில்லிலேயே கொண்டுவந்து கொடுக்க வேண்டும், வேலை செய்கிற எல்லோரும் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. நெல் காயவைக்கும் களத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, ரிப்பன் கட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். நெல் தள்ளுகிற பெண்களைப் பின்னால் நிற்கவைத்து முதலாளி போட்டோ எடுத்துக்கொண்டார். பிறகு பூசணிக்காய் உடைத்தார்கள். குங்குமம் கரைந்த சாறு பம்பர் முழுக்கத் தெறித்துவிட்டது. முதலாளி முகம் மாறுவதற்குள் அஞ்சலை என்கிற பெண் தன் தலைத்துண்டை அவிழ்த்துத் துடைத்தாள். துண்டில் உமி ஒட்டியிருந்தது. கோடு விழுமே என்று எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நல்லவேளை, விழவில்லை.

சாயங்காலம் ரோட்டோரம் கள்ளக்குறிச்சி டவுன் பஸ்ஸுக்கு நின்றேன். அஞ்சலையும் அங்கே நின்றாள். என்னைப் பார்த்து நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். பஸ் வந்தது. பெண்களுக்குக் காசில்லாத பஸ். கண்டக்டர் அவளுக்கு ஒரு டிக்கெட் கிழித்தார், அதே மாதிரி எனக்கும் ஒன்று கிழித்தார். அஞ்சலை என் கையில் இருந்த சீட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கார் விக்கிறவளுக்கும் ஃப்ரீ பஸ்ஸுதானா? அப்போ வா, இப்டி வந்து ஒக்காரு."

அந்த ஊரில் என்னை ஒருமையில் கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான்.

தெரியாத பட்டன்

நைனார்பாளையத்தில் ஒருவர் கார் வாங்கிய பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை போன் செய்வார். கரும்பும் மரவள்ளியுமாக நிறைய நிலம் உள்ளவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். மனைவி பெங்களூரில் மகளோடு தங்கிவிட்டார். "ஏசி பட்டன் புரியல, கொஞ்சம் வந்து காட்டுங்க" என்பார். அடுத்த முறை சீட் பட்டன். அதற்கடுத்த முறை பாட்டு வைக்கிற பட்டன். நான் போவேன். அவர் ஓட்டுநர் சீட்டில், நான் பக்கத்து சீட்டில். ஷெட்டை விட்டு வண்டி நகராது. கதவை மூடிக்கொண்டு கரும்பு வெட்டுக்கு ஆள் கிடைக்காததையும், மகள் சொந்தமாக வீடு கட்டுவதையும் சொல்லிக்கொண்டே இருப்பார். வெட்டுக்கு வந்த குடும்பங்கள் அந்த ஷெட்டுக்கு எதிரிலேயே குடிசை போட்டிருந்தன. அங்கே எந்நேரமும் சத்தம், சிரிப்பு, சண்டை. கண்ணாடியை ஏற்றினால் ஒன்றும் கேட்காது. அவர் அடிக்கடி இறக்கிவிடுவார்.

ஒருநாள் மூன்றாவது தடவையாக அதே ஏசி பட்டனைக் கேட்டார். நான் கொஞ்சம் அலுப்போடு, "எழுதிக் கொடுத்துட்டுப் போகட்டுமா சார்?" என்றேன். அவர் விரல் தடுமாறாமல் ஏசியைக் குறைத்தார், சீட்டைச் சாய்த்தார், பாட்டை நிறுத்தினார்.

"எல்லாம் தெரியும் மேடம். தெரியும்னு சொன்னா நீங்க வரமாட்டீங்களே."

கல்வராயன் மலை

ரோடு கான்ட்ராக்டர் ஒருவர் மலையில் ஓட்டிப் பார்த்தால்தான் முடிவு சொல்வேன் என்றார். வெள்ளிமலை வரை ஏறினோம். திரும்பி இறங்கும்போது ஒரு வளைவில் ஒரு ஆள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நின்றார். ஓரத்தில் அவர் மனைவி, நிறைமாதம், வயிற்றைப் பிடித்தபடி கல்லில் உட்கார்ந்திருந்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார்களாம், கீழிருந்து ஏறி வர வேண்டுமாம். கான்ட்ராக்டர் பிரேக்கை மிதித்துவிட்டு என்னைப் பார்த்தார். "வண்டி உங்க கம்பெனிது. நீங்கதான் சொல்லணும்."

டெமோ காரில் வாடிக்கையாளரைத் தவிர யாரையும் ஏற்றக் கூடாது என்பது ஆபீஸ் உத்தரவு. சீட் வேறு சந்தன நிறத் தோல். அந்தப் பெண் அதையெல்லாம் பார்க்கிற நிலையில் இல்லை, ஏற்றுங்கள் என்றேன். கணவர் முன்னால் உட்கார்ந்தார், நான் அவளோடு பின்னால். என் கையைப் பிடித்தவள் அடிவாரத்து ஆஸ்பத்திரி வரை விடவில்லை. வலி வரும்போதெல்லாம் விரல்கள் நொறுங்குகிற மாதிரி இருந்தது. பயத்தின் நடுவிலும் ஒன்று தோன்றியது: என் கையை ஒருவர் இவ்வளவு நேரம் பிடித்து எத்தனை வருஷம் ஆகிறது! ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் வந்து அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே கூட்டிப் போனார்.

ஒரு மணி நேரம் கழித்துக் கணவர் ஓடி வந்தார். பெண் குழந்தை, இருவரும் நலம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கான்ட்ராக்டரும் போகாமல் காத்திருந்தார். கணவருக்குப் பாலும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். திரும்பி வந்து காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின்சீட்டைப் பார்த்தார். பிறகு, மனம் நிறைந்த குரலில் சொன்னார்:

"அத்தினி வளைவுலயும் அந்தப் பொண்ணுக்கு ஒரு குலுக்கல் தெரியல பாருங்க மேடம். இதே வண்டியே புக் பண்ணிடுங்க."

ஐந்து பேர் தாராளமாக உட்காருகிற மாதிரி செய்த காரில் பெரும்பாலும் ஒருவர்தான் உட்கார்ந்து போகிறார் என்பதும், வாரத்தில் நாலு நாள் அந்த ஒருவர் நானாக இருந்தேன் என்பதும்தான் இந்தத் தொழிலில் நான் கண்டது.